ட்ரைலோபைட் அசலா, போலியா? சேகரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ட்ரைலோபைட் புதைபடிவம் வாங்க நினைப்பவர்களும், வாங்கிய பிறகு சந்தேகம் வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ட்ரைலோபைட் என்றால் என்ன?

கடலில் வாழ்ந்து அழிந்துபோன கணுக்காலி. நண்டு, தேள், பூரான் எல்லாம் அடங்கிய பெரிய கூட்டத்தின் பழைய கிளை. சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் கேம்ப்ரியன் காலத்தில் தோன்றி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலத்தின் முடிவில் நடந்த பேரழிவோடு மறைந்தது. இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதுகை நீளவாக்கில் பார்த்தால் நடுவில் ஒரு மேடு, இரு பக்கமும் ஒவ்வொரு பட்டை என மூன்று பகுதிகள் தெரியும். பெயரே அதிலிருந்து வந்ததுதான். தலையிலிருந்து கீழே வந்தால் தலைக்கவசம், வளையங்கள் அடுக்கிய நடுவுடல், வால்தகடு. ஓடு கால்சைட் என்ற கனிமத்தால் இறுகியது, அதனால்தான் கல்லில் இவ்வளவு நன்றாகத் தங்கியிருக்கிறது. பாம்பு சட்டை உரிப்பதுபோல இதுவும் வளர வளர ஓட்டைக் கழற்றிப் போட்டது. நமக்குக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இப்படிக் கழற்றிப் போட்ட ஓடுகளே.

இத்தனை கிடைக்கும்போது எதற்காகப் போலி செய்கிறார்கள்?

உடைந்த துண்டுகள்தான் ஏராளம். தலை முதல் வால் வரை முழுசாக, முள் ஒடியாமல் இருப்பது குறைவு. அப்படி ஒன்று கிடைத்தாலும் அதைக் கல்லிலிருந்து வெளியே எடுப்பது பெரிய வேலை. காற்றழுத்தத்தில் இயங்கும் சிறு உளியையும், நுண்ணிய பொடியைப் பீய்ச்சும் கருவியையும் வைத்துக்கொண்டு, நுண்ணோக்கியில் பார்த்தபடி, மணல்மணி மணல்மணியாகக் கல்லை அகற்ற வேண்டும். எளிய உருவத்துக்கே பல மணி நேரம் ஆகும். முட்கள் நிறைந்ததென்றால் வாரக்கணக்கில் இழுக்கும். அந்த உழைப்பைத் தாண்டிவிடலாம் என்ற ஆசையில் பிறப்பதுதான் போலி.

போலி என்றதும் எல்லோரும் மொராக்கோவைச் சொல்வார்கள். ஆன்டி-அட்லஸ் மலைப்பகுதியில் அல்னிஃப், எர்ஃபூத், ரிசானி ஊர்களைச் சுற்றி உலகத்திலேயே மிகச் சிறந்த டெவோனியன் கால (சுமார் 42 முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) ட்ரைலோபைட்கள் கிடைக்கின்றன. அங்கே வெயிலில் கையாலேயே பள்ளம் தோண்டி எடுக்கிறார்கள். போலி அங்கிருந்து நிறைய வருவது உண்மை. ஆனால் அபாரமான கைத்திறனோடு நேர்மையாகக் கல் செதுக்குபவர்களும் அங்கேயேதான் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரைக் கேட்டதும் போலி என்று முடிவு கட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

எதையெல்லாம் போலி என்று சொல்கிறீர்கள்?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒரு முனையில், ரெசின் என்ற செயற்கைப் பிசினிலோ வாகன உடலை ஒட்டுப்போடும் பசைமாவிலோ அச்சில் வார்த்து, கல்பொடி தூவி, நிஜக் கல்லில் பதித்த உருவம் இருக்கிறது. வெறும் கல்லையே ட்ரைலோபைட் போலச் செதுக்கியதும் உண்டு. இவை இரண்டும் முழுப் போலி.

நடுவில் ஒரு பெரிய சாம்பல் பகுதி. தலை நிஜம், உடல் வார்ப்பு. அல்லது தலை ஒரு விலங்குடையது, வால் இன்னொன்றுடையது. அல்லது விலங்கு முழுக்க நிஜம், ஆனால் இரண்டு முட்களும் கண்ணில் பாதியும் எபாக்ஸி என்ற இறுகும் பசை. மறுமுனையில் இருப்பது, உடைந்ததை உடைந்த இடத்திலேயே ஒட்டியது. அது பழுதுபார்த்தல், போலி ஆகாது.

என் கணக்கு இதுதான்: எவ்வளவு சீர்செய்திருக்கிறார்கள் என்பது விலையைத் தீர்மானிக்கட்டும். அதைச் சொன்னார்களா, மறைத்தார்களா என்பதுதான் நேர்மையைத் தீர்மானிக்கும். 'வலது கன்ன முள் எபாக்ஸி' என்று சீட்டில் எழுதி விற்பவரிடம் நான் தயங்காமல் வாங்குவேன்.

கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கல்லைப் பாருங்கள். விலங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். விலங்கு கண்ணைக் கட்டிப்போட்டுவிடும், போலி செய்பவரும் கவனத்தையெல்லாம் அதில்தான் கொட்டியிருப்பார். கல்லில் அசந்திருப்பார்.

கெட்டியான டெவோனியன் சுண்ணாம்புக்கல்லில் ட்ரைலோபைட் எப்படிக் கண்ணில் படுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சுத்தியலால் பாறையைப் பிளக்கிறார்கள். பிளந்த முகத்தில் ஓட்டின் குறுக்குவெட்டு மெல்லிய வளைந்த கோடாகத் தெரியும். அதாவது, கல் உடைந்தபோதே உள்ளே இருந்த விலங்கும் உடைந்துவிட்டது. பிறகு துண்டுகளைத் திரும்பப் பொருத்தி ஒட்டிவிட்டுத்தான் மேலே இருந்து செதுக்கத் தொடங்குகிறார்கள். ஆகவே இந்த வகைக் கல்லில் வரும் அசல் ட்ரைலோபைட்டில் அநேகமாக ஒரு விரிசல் கோடு இருக்கும். கல்லின் ஓரத்தில் தொடங்கி, விலங்கின் மேலேறி, மறுபக்கம் இறங்கி, கல்லின் இன்னொரு ஓரத்தில் முடியும்.

புதிதாக வருபவர்கள் அந்தக் கோட்டைக் குறை என்று நினைத்து, விரிசலே இல்லாததைத் தேடி எடுக்கிறார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். விரலால் அந்தக் கோட்டைத் தொடர்ந்து போங்கள். கல்லில் வந்த கோடு விலங்கின் விளிம்பில் நின்றுவிட்டு, விலங்கு மட்டும் முழுசாக இருந்தால், உடைந்த கல்லின் மேல் பின்னால் யாரோ அதை வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு நல்ல சாட்சி, வெள்ளைக் கால்சைட் நரம்பு. பாறையில் ஏற்பட்ட பிளவுகளில் பின்னாளில் கால்சைட் படிந்து வெள்ளை நூல் மாதிரி ஓடும். அந்த நூல் கல்லையும் விலங்கையும் ஒரே வீச்சில் வெட்டிச் சென்றால் நிம்மதியாக மூச்சு விடலாம்.

அப்புறம், விலங்கைச் சுற்றியுள்ள விளிம்பு. அசலில் ஓடு கல்லுக்குள் இறங்கிப்போகும். ஒட்டவைத்ததில் சுற்றிலும் ஒரு சிறு அகழி இருக்கும், அதைக் கல்பொடியும் பசையும் கலந்து நிரப்பியிருப்பார்கள். அந்த நிரப்பல் ஒரே சீரான மணலாகத் தெரியும். சுற்றியுள்ள கல்லில் இருக்கும் சிப்பித் துணுக்கு, நிறத் திட்டு எதுவும் அதில் இருக்காது.

லூப் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்?

லூப் என்பது கையடக்க உருப்பெருக்கிக் கண்ணாடி. பத்து மடங்கு பெருக்குவது போதும். விளக்கைப் பக்கவாட்டில், தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடியுங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தெரியாததெல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும்.

முதலில் காற்றுக் குமிழி. ரெசினை அச்சில் ஊற்றும்போது உள்ளே மாட்டிய காற்று, வட்டமான சிறு குழிகளாக நிற்கும். ஊசி நுனியால் குத்தியதுபோல இருக்கும், ஆனால் விளிம்பு மழமழவென்று வட்டமாக இருக்கும். கல்லில் இயல்பாக விழும் குழிகள் கோணல்மாணலாக இருக்கும். வளையங்களுக்கு நடுவிலுள்ள பள்ளம், கண்ணின் அடிப்பகுதி, வால் விளிம்பு ஆகியவை குமிழி பதுங்கும் இடங்கள்.

அடுத்தது கண். ஃபேகாப்ஸ் குடும்பத்தில் கண் வில்லைகள் பெரியவை, ஒவ்வொன்றும் தனித்தனி. வரிசை பிசகாமல் மணி பதித்ததுபோல இருக்கும், இரண்டு மணிகளுக்கு நடுவே தெளிவான இடைவெளி இருக்கும். வார்ப்பில் அந்த இடைவெளி மழுங்கி, வில்லைகள் ஒன்றோடொன்று வழிந்து சேர்ந்துவிடும். செதுக்கியதில் வரிசை கோணிக்கொள்ளும். எர்பெனோகைல் என்ற பேரினத்தில் கண் ஒரு கோபுரமாக எழுந்து, உச்சியில் கூரை போல ஒரு விளிம்பும் வைத்திருக்கும். அந்தக் கோபுரத்தின் வில்லை வரிசையை ஏமாற்றாமல் செய்வது மிகக் கடினம்.

நான் ஆரம்ப காலத்தில் வாங்கிய ஒரு கரிய ட்ரைலோபைட், உள்ளங்கை அகலம் இருக்கும். ஒரு விரிசல்கூட இல்லையே என்று பூரித்துப்போய் வாங்கினேன். ரொம்ப நாள் கழித்து லூப் கையில் வந்ததும் முதல் வேலையாக அதன் இடது கண்ணைப் பார்த்தேன். மேல் வரிசையில் நான்கு வில்லைகள் ஒரே கட்டியாக இருந்தன. கட்டிக்கு நடுவில் கச்சிதமான ஒரு வட்டத் துளை. வலது கண்ணிலும் இரண்டு துளைகள். அன்றைக்கு மனசு விட்டுப்போனது நிஜம். விற்றவர் அதைத் தெரிந்துதான் விற்றாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதை நான் தூக்கிப் போடவில்லை. அசல் ஒன்றுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். பார்க்க வருபவர்கள் கையில் இரண்டையும் கொடுத்தால், பத்து நிமிடத்தில் அவர்களே வித்தியாசத்தைப் பிடித்துவிடுகிறார்கள்.

உடலமைப்பைப் படித்துத் தெரிந்துகொள்வதால் பயன் உண்டா?

நிறைய உண்டு. வளையங்களை எண்ணினாலே போதும், பல ஒட்டுவேலைகள் வெளிப்பட்டுவிடும். வளர்ந்த விலங்கில் நடுவுடல் வளையங்களின் எண்ணிக்கை குடும்பத்துக்குக் குடும்பம் ஏறக்குறைய நிலையானது. ஃபேகாப்ஸ் குடும்பத்தில் 11. அசாஃபஸ் வகையில் 8. கலிமீன் வகையில் பெரும்பாலும் 13. அக்னோஸ்டஸ் போன்ற மிகச் சிறியவற்றில் இரண்டே இரண்டு. ஃபேகாப்ஸ் என்று சீட்டு ஒட்டியதில் 9 வளையம் இருந்தால், நடுவில் ஏதோ காணாமல் போயிருக்கிறது, அல்லது யாரோ கற்பனையில் செதுக்கியிருக்கிறார்கள்.

தலையின் அகலமும் முதல் வளையத்தின் அகலமும் ஒன்றுக்கொன்று இசைகிறதா என்றும் பாருங்கள். இரண்டு விலங்குகளைச் சேர்த்து ஒன்றாக்கும்போது தையல் பெரும்பாலும் தலைக்குப் பின்னாலோ வாலுக்கு முன்னாலோதான் விழும்.

கழற்றிப் போட்ட ஓடாக இருந்தால் கன்னத் தகடுகள் விலகியோ காணாமலோ இருக்கும். அது இயற்கை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய களிப்பாறைகளில் வரும் பெரிய கேம்ப்ரியன் ட்ரைலோபைட்கள் பாறை நசுங்கியதால் கொஞ்சம் கோணியும் தட்டையாகியும் இருப்பது சகஜம். இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம்போலக் கச்சிதமாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

முள்ளும் கொம்புமாக இருப்பவற்றை நம்பலாமா?

நம்பலாம், அப்படிப்பட்ட விலங்குகள் நிஜமாகவே இருந்தன. டிக்ரானூரஸின் தலையில் ஆட்டுக் கிடாக் கொம்பு மாதிரிச் சுருண்ட இரண்டு முட்கள் உண்டு. வாலிசெராப்ஸின் தலைக்கு முன்னால் ஒரு திரிசூலம் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டுகள் கொம்பால் மோதிக்கொள்வதுபோல இவையும் சூலத்தால் மோதியிருக்கலாம் என்று 2023-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதற்கு ஆதாரங்களில் ஒன்று, பிறவியிலேயே சூலத்தில் நான்கு முனைகள் அமைந்துவிட்ட ஒரே ஒரு விலங்கு. எபாக்ஸியில் யாராவது விளையாட்டாக ஒரு முனையைக் கூட்டியிருந்தால் அந்த ஆய்வு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த விஷயத்தில் எனக்கு வரும் கோபம் பணத்தைப் பற்றியது மட்டும் அல்ல.

சரி, எப்படிச் சோதிப்பது? அசலான முள் கல்லுக்குள் நீண்டு கிடந்தது. கல் பிளந்தபோது அதுவும் பல இடங்களில் முறிந்திருக்கும். அதனால் லூப்பில் முள் நெடுக மயிரிழை ஒட்டுகள் தெரிவது நல்ல அறிகுறி. அசல் முள் அடியில் தடித்து நுனிக்குப் போகப் போக மெலியும், மேற்பரப்பில் நுண்ணிய கொப்புளங்களும் இருக்கலாம். வேர் முதல் நுனி வரை ஒரே கனமாக, வழவழப்பாக இருந்தால் உள்ளே செம்புக் கம்பி இருக்கக்கூடும். கம்பியின் மேல் எபாக்ஸி பூசி முள் செய்வது பழைய தந்திரம். இடப்பக்க முட்கள் ஒரு நிறத்திலும் வலப்பக்க முட்கள் சற்றே வேறு பளபளப்பிலும் இருந்தால் ஒரு பக்கம் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

விலையும் ஒரு சோதனைதான். அந்தரத்தில் நிற்கும் இருபது முட்களைக் கல்லிலிருந்து விடுவிக்க வாரக்கணக்கில் உழைத்தவர், அதை அடிமாட்டு விலைக்குத் தர மாட்டார்.

ஒரே பலகையில் ஐந்தாறு ட்ரைலோபைட்கள் சேர்ந்திருக்கின்றன. அசலா?

கூட்டமாக மடிந்தவை உண்டு. ஆனால் எல்லாம் ஒரே அளவில், ஒரே தோரணையில், பார்ப்பவரை நோக்கி அழகாக அடுக்கிவைத்ததுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒவ்வொன்றும் எந்தப் படிவு மட்டத்தில் இருக்கிறது என்று பக்கவாட்டில் பாருங்கள். ஒரே கடலடியில் கிடந்தவை ஏறக்குறைய ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இரண்டு உருவங்களில் ஒரே இடத்தில் ஒரே மாதிரிச் சிராய்ப்பு இருந்தால், இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை.

எந்த வகைகளில் போலி அதிகம்? தொடங்குபவர் எதை வாங்கலாம்?

மஞ்சளும் பச்சையும் கலந்த கல்லில் வரும் பெரிய காம்ப்ரோபல்லாஸ், மொராக்கோவின் பெரிய பாரடாக்சைடஸ் வகைகள், உருண்டைக் கல்லின் இரு பாதியாக விற்கப்படும் கலிமீன் வகை உருவங்கள் ஆகியவற்றில் வார்ப்பும் செதுக்கலும் மிக அதிகம். கரிய பெரிய 'ஃபேகாப்ஸ்' என்று விற்பவற்றிலும் அப்படித்தான். அவற்றில் பல உண்மையில் ட்ரோடாப்ஸ் என்ற பேரினம். அசல் ட்ரோடாப்ஸின் முதுகில் உள்ள கொப்புளங்கள் லூப்பில் கூர்மையாகத் தெரியும்.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும், டெவோனியனுக்கும் முந்தைய ஆர்டோவிசியன் கால அசாஃபஸ் கோவலெவ்ஸ்கி நத்தைபோல நீண்ட காம்பின் நுனியில் கண் வைத்திருக்கும். விலங்கு அசலாகவே இருக்கும், காம்பு மட்டும் செய்ததாக இருக்கலாம். காம்பைத் தனியாகச் சோதியுங்கள்.

தொடங்குபவருக்கு நான் சொல்வது எப்போதும் எல்ராதியா கிங்கியைத்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஹவுஸ் மலைத்தொடரின் வீலர் களிப்பாறையில் ஏராளமாகக் கிடைக்கிறது. 50 கோடி ஆண்டுப் பழமை. சாம்பல் களிப்பாறையில் கறுப்பாக, தெளிவாக இருக்கும். மலிவு என்பதால் போலி செய்ய யாரும் மெனக்கெடுவது அபூர்வம். அசல் ஓடு எப்படி இருக்கும் என்று கண் பழக இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் என்னென்ன?

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். மென்மையான தூரிகையால் லேசாக ஈரமாக்கினால் கல் தண்ணீரைக் குடித்துக் கறுக்கும். ரெசினும் பசையும் குடிக்காமல் வெளிறியே நிற்கும். விலங்கைச் சுற்றி ஒரு வெளிறிய வளையம் தெரிந்தால் அதுதான் நிரப்பிய அகழி. ஈரத்தில் கரையும் மென்மையான களிப்பாறையில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

அடுத்து புற ஊதா விளக்கு. இருட்டறையில் பிடித்தால் பசையும் எபாக்ஸியும் பெரும்பாலும் நீலவெள்ளையாக ஒளிரும். சில கால்சைட்டும் தானாக ஒளிரும் என்பதால் வெறும் ஒளியைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஒளிர்வின் எல்லை எங்கே என்று பாருங்கள். விரிசல் கோட்டில் மட்டும் ஒளிர்ந்தால் அது ஒட்டு. ஒரு முள் முழுக்க ஒளிர்ந்து பக்கத்து முள் இருண்டிருந்தால், ஒளிரும் முள் செய்தது.

அசிட்டோன் நனைத்த பஞ்சால் ஓரத்தில் ஒற்றினால் பூசிய கறுப்பு பஞ்சில் வந்துவிடும். ஆனால் அது நல்ல ஒட்டுகளையும் இளக்கிவிடும், தீயும் பிடிக்கும். உங்களுடைய பொருளில், காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள். பழுக்கக் காய்ச்சிய ஊசியை வெளியே தெரியாத ஓரத்தில் வைத்தால் ரெசின் இளகிப் பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. அமிலம் ஊற்றிப் பார்ப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அசல் ஓடே கால்சைட், அதுவே பொங்கிக் கரையும். சுண்ணாம்புக்கல் பொடி கலந்த போலியும் பொங்கும். பொருள் கெட்டதுதான் மிச்சம்.

எடை? முழுக்க ரெசினில் செய்ததை எடையே காட்டிக்கொடுக்கும். ஆனால் பெரும்பாலான போலிகள் நிஜக் கல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன, அங்கே எடை உதவாது.

படத்தை மட்டும் பார்த்து வாங்கலாமா?

நேர்மையான விற்பனையாளரிடம் வாங்கலாம். பக்கவாட்டுப் படம், அடிப்பக்கம், கண்ணின் நெருக்கப் படம், விரிசல் கோடு தெரியும் படம் எல்லாம் கேளுங்கள். செதுக்குவதற்கு முன் எடுத்த படம் இருந்தால் அதைவிடச் சிறப்பு, பிளந்த கல்லில் குறுக்குவெட்டு தெரிவது கிட்டத்தட்டப் பிறப்புச் சான்றிதழ். எந்த இடம், எந்தப் பாறை அடுக்கு, என்ன காலம், எங்கெங்கே சீர்செய்தது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதைபடிவங்களை வெளியே அனுப்பப் பல நாடுகளில் அனுமதி வேண்டும், அந்தத் தாள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேள்வி கேட்டதற்கே முகம் சுளிப்பவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

காலும் உணர்கொம்பும் தெரியும் ட்ரைலோபைட் விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

இதில் மிக மிகக் கவனம் தேவை. ஓடு மட்டும்தான் கால்சைட். காலும் உணர்கொம்பும் அப்படி இறுகாதவை என்பதால் அநேகமாக எல்லா இடங்களிலும் அழுகிப்போயின. விதிவிலக்கான இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. நியூயார்க் மாநிலத்தில் பீச்சர் படுகை என்ற மெல்லிய அடுக்கில் ட்ரையார்த்ரஸின் கால்களும் உணர்கொம்புகளும் பைரைட் கனிமமாக மாறிப் பொன்னிறத்தில் நிற்கின்றன. கனடாவின் பர்ஜெஸ் களிப்பாறை இன்னொன்று. மொராக்கோவில் எரிமலைச் சாம்பலில் புதைந்த கேம்ப்ரியன் ட்ரைலோபைட்களின் கால்களை 2024-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதுவும் எக்ஸ்ரே ஊடுகதிர்ப் படம் எடுத்து, கணினியில் முப்பரிமாணமாகக் கட்டிப் பார்த்ததுதான்.

ஆக, சாதாரண டெவோனியன் சுண்ணாம்புக்கல்லில் ஓட்டுக்கு வெளியே வரிசையாகக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அவை செதுக்கியவை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பைரைட் ட்ரையார்த்ரஸ் என்றால் படுகையின் பெயரும் எடுத்தவர் விவரமும் கேளுங்கள், லூப்பில் உணர்கொம்பைப் பாருங்கள். நுண்ணிய பைரைட் மணிகள் கோத்ததுபோலத் தெரிய வேண்டும். தூரிகையால் இழுத்த பொன்வண்ணக் கோடு என்றால், அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.